பக்கத்து மனையில் புல் மண்டிக் கிடக்கிறதா? டெக்சஸில் சிட்டிக்குப் புகார் கொடுப்பது பற்றிய கேள்விகளும் பதில்களும்

டெக்சஸில் மார்ச் பிறந்ததும் பெர்முடா புல் விழித்துக்கொள்ளும். மே மாத மழை நின்று வெயில் ஏறினால், ஆள் இல்லாத மனையில் ஜான்சன் புல் மனித உயரத்துக்கு நிற்கும். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்களும், அவர்களோடு தங்க வந்திருக்கும் அப்பா அம்மாக்களும் கேட்கிற கேள்விகள் கீழே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சிட்டிக்கு, அதாவது ஊர் நகராட்சிக்கு, கொடுக்கும் புகாரின் நோக்கம் புல் வெட்டப்பட வேண்டும் என்பது மட்டுமே. அதற்கு உதவாத எதையும் புகாரில் சேர்க்க வேண்டாம்.

எவ்வளவு உயரம் வளர்ந்தால் புகார் கொடுக்கலாம்?

இது ஊருக்கு ஊர் மாறும். டாலஸ், ஃபோர்ட் வொர்த், சான் அன்டோனியோ, ஆஸ்டின் ஆகிய ஊர்களில் 12 அங்குலம், அதாவது சுமார் 30 சென்டிமீட்டர். ஹூஸ்டனில் 9 அங்குலம். புறநகர்ச் சிட்டிகள் பலவற்றிலும் 12 அங்குலம்தான். ஆனாலும் உங்கள் சிட்டியின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இது உயரத்தைப் பற்றிய விதி. அழகைப் பற்றியது அல்ல. புல் காய்ந்து பழுப்பாகக் கிடப்பதும், லான் முழுக்க மஞ்சள் டேண்டிலயன் பூத்திருப்பதும், திட்டுத் திட்டாக மண் தெரிவதும் இந்த விதிக்குள் வராது. இந்த விதிகளைக் கவனிக்கும் சிட்டி அதிகாரியான கோட் ஆபீசர் வந்து பார்த்துவிட்டு 'மீறல் இல்லை' என்று எழுதிப் புகாரை மூடிவிடுவார். நிராகரிக்கப்படும் புகார்களில் பல இந்த வகைதான். 8 அங்குலத்தில் அவசரப்பட்டுப் புகார் கொடுத்து அது மூடப்படுவதைவிட, இன்னும் ஒரு வாரம் பொறுத்து 14 அங்குலத்தில் கொடுப்பது நல்லது.

அளக்கும்போது புல்லைப் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டாம். நிற்கிறபடியே தரையிலிருந்து நுனி வரை அளக்க வேண்டும். லான் முழுவதும் 6 அங்குலம் இருக்க, வேலியோரம் மட்டும் நாலு தண்டு 15 அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது ஆபீசரின் கையில் இருக்கிறது. பரவலாக வளர்ந்திருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

எங்கள் முகவரியில் கேட்டி என்று இருக்கிறது. கேட்டி சிட்டிக்குத்தானே போக வேண்டும்?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப்பெயர் தபால் துறையின் வசதிக்காக வைத்தது. சிட்டியின் எல்லை வேறு. ஹூஸ்டனைச் சுற்றி 'கேட்டி' என்று முகவரி எழுதுகிற ஏராளமான வீடுகள் எந்தச் சிட்டிக்குள்ளும் இல்லை. அவை நேரடியாகக் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கீழ் இருக்கின்றன. சைப்ரஸ் என்ற பெயரில் சிட்டியே கிடையாது. வடக்கே காலின், டென்டன் கவுண்டிகளிலும் இப்படிப்பட்ட பகுதிகள் உண்டு.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அலுவலகம்) இணையதளத்தில் அந்த முகவரியைத் தேடுங்கள். அந்தச் சொத்து யார் யாருக்கு வரி கட்டுகிறது என்ற பட்டியல் வரும்: கவுண்டி, பள்ளி, கல்லூரி, சிட்டி என்று. சிட்டியின் பெயர் அதில் இல்லையென்றால், சிட்டியின் புல் விதி அங்கே செல்லாது. உரிமையாளரின் பெயரும், அவருடைய தபால் முகவரி எங்கே என்பதும் அதே பக்கத்தில் தெரியும். அந்த முகவரி கலிஃபோர்னியாவிலோ வேறெங்கோ இருந்தால், புல் ஏன் இப்படிக் கிடக்கிறது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கவுண்டிப் பகுதி என்றால் ஒன்றுமே செய்ய முடியாதா?

முடியும், ஆனால் அளவுகோல் தளர்வானது. டெக்சஸ் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 343ஆம் அத்தியாயப்படி, குடியிருப்புப் பகுதியில் இன்னொரு வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ 300 அடிக்குள் களை மண்டியிருந்தால் அது பொதுத் தொல்லை. இங்கே 'களை' என்பது 36 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தது. உயரம் குறைவாக இருந்தாலும் கொசு, எலி போன்றவை அடையும் அளவுக்குச் சுகாதாரக் கேடாக இருந்தால் அதுவும் சேரும். ஆகவே கவுண்டிக்கு எழுதும்போது 'புல் உயரம்' என்று மட்டும் எழுதாமல் எலி வளை, தேங்கிய தண்ணீர், குப்பை எதைப் பார்த்தீர்களோ அதையும் எழுதுங்கள். முதல் முறை நோட்டீஸ் வாங்கும் உரிமையாளருக்குச் சரிசெய்ய 30 நாள் அவகாசம் உண்டு.

நடைமுறையில் இப்படிப்பட்ட பகுதிகளில் ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அதுதான் வேகமான வழி.

ஹெச்ஓஏ இருக்கும் இடத்தில் சிட்டியிடம் போகலாமா?

போகலாம். இரண்டும் தனித்தனி அதிகாரம். ஹெச்ஓஏ தன் உடன்படிக்கையை வைத்துக் கேட்கும், சிட்டி தன் சட்டத்தை வைத்துக் கேட்கும். ஹெச்ஓஏவின் விதி பெரும்பாலும் இன்னும் கறாராக இருக்கும். 6 அங்குலத்துக்கே கடிதம் வந்துவிடும். எனவே வீட்டில் ஆள் இருந்து, புல் நடுத்தர உயரத்தில் இருந்தால் ஹெச்ஓஏ மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு எழுதுங்கள். வீடு காலியாக இருந்து, கடிதங்களுக்குப் பதிலே வராத நிலை என்றால் சிட்டிதான் சரி. ஏனென்றால் சிட்டியால் ஆள்வைத்து வெட்ட முடியும்.

புகாருக்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச வேண்டுமா?

சட்டம் கேட்கவில்லை. ஆனால் ஆள் குடியிருக்கும் வீடு என்றால் பேசுங்கள் என்றுதான் சொல்வோம். மோவர் பழுதாகியிருக்கலாம், வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கலாம், தனியாக வாழும் முதியவராக இருக்கலாம். 'உங்கள் புல் அசிங்கமாக இருக்கிறது' என்று தொடங்க வேண்டாம். 'எங்கள் வீட்டுக்குப் புல் வெட்ட ஆள் வருகிறார், அவர் நம்பர் வேண்டுமா' என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். வயதானவர், உடல் முடியாதவர் என்று தெரிந்தால் 211 என்ற எண்ணைச் சொல்லுங்கள். அது டெக்சஸின் சமூக உதவி எண். அந்தப் பகுதியில் முற்றம் சுத்தம் செய்து தரும் தொண்டு அமைப்புகள் இருந்தால் அங்கே விசாரிக்கலாம்.

காலி மனை, பூட்டிய வீடு, ஏற்கெனவே சண்டை நடந்த வீடு என்றால் பேச்சுக்கு இடமில்லை. நேராகப் புகாருக்குப் போகலாம்.

புகார் கொடுக்கும்முன் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

முதலில் சரியான முகவரி. வேலை கெடுவது இங்கேதான். மூலை மனைகளுக்கு முகவரி ஒரு தெருவில் இருக்கும், நீங்கள் பார்க்கும் புல் மற்றத் தெருவில் இருக்கும். ஆபீசர் முன்வாசலுக்கு வந்து, வெட்டிய புல்லைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எண் இல்லாத காலி மனை என்றால் இரண்டு பக்கமும் இருக்கும் வீட்டெண்களைச் சொல்லி 'இவற்றுக்கு நடுவில்' என்று குறியுங்கள். அப்ரைசல் தளத்தில் கிடைக்கும் சொத்துக் கணக்கு எண்ணையும் சேர்த்தால் குழப்பமே வராது.

அடுத்து இடத்தின் விவரம்: முன்புறமா, பேக்யார்டா, பின் ஆலியா (வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்து), சைட்வாக்குக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள பட்டையா. பிறகு உயரம். 'காடு மாதிரி' என்று எழுதினால் அதை வைத்து ஆபீசரால் எதுவும் செய்ய முடியாது. 'ஜூன் 3 அன்று அளந்தபோது சைட்வாக் ஓரம் 20 அங்குலம்' என்பது அவருக்கு உதவும்.

மூன்று படம் போதும். வீட்டெண்ணோ அடையாளமோ தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. புல் பரவியிருக்கும் அளவு தெரிய ஒன்று. தரையில் நிறுத்திய இரும்பு டேப்போடு கிட்டத்தில் ஒன்று. எல்லாமே சைட்வாக்கிலிருந்தோ உங்கள் மனையிலிருந்தோ எடுங்கள். அளக்க வேண்டும் என்று அடுத்தவர் மனைக்குள் கால் வைக்காதீர்கள். அது அத்துமீறல், குற்றமாகவும் ஆகலாம். படத்தில் குழந்தைகள், காரின் எண் பலகை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்படிப் பதிவு செய்வது?

பெரிய ஊர்களில் சிட்டியின் சேவை எண்ணான 311. சிட்டி எல்லைக்கு வெளியிலிருந்து கூப்பிட்டால் அந்த மூன்று இலக்கம் வேலை செய்யாமல் போகலாம். அப்போது முழு எண் வேண்டும்: டாலஸ் 214-670-3111, ஹூஸ்டன் 713-837-0311, ஆஸ்டின் 512-974-2000, சான் அன்டோனியோ 210-207-6000. ஃபோர்ட் வொர்த்தில் 817-392-1234. டாலஸுக்கு 'அவர்டாலஸ்', ஃபோர்ட் வொர்த்துக்கு 'மைஎஃப்டபிள்யூ', பிளேனோவுக்கு 'ஃபிக்ஸ் இட் பிளேனோ' என்று செயலிகள் உள்ளன. அவசர உதவி எண்ணான 911க்குக் கூப்பிடாதீர்கள்.

செயலிதான் எங்கள் பரிந்துரை. வரைபடத்தில் புள்ளி வைத்துப் படத்தை ஏற்றலாம், புகார் எண் உடனே வந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம்: நீங்கள் நிற்கும் இடத்தைச் செயலி தானாக எடுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டு வாசலில் நின்று பதிவு செய்தால் உங்கள் முகவரிக்கே நோட்டீஸ் வரும் வாய்ப்பு உண்டு. புள்ளியை நகர்த்தி அந்த மனையின் மேல் வையுங்கள்.

வகை கேட்கும் இடத்தில் 'ஹை வீட்ஸ்' அல்லது 'ஹை கிராஸ்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குப்பை, உடைந்த வேலி, பச்சை பிடித்த நீச்சல் குளம் எல்லாம் அதே வீட்டில் இருந்தாலும் ஒவ்வொன்றையும் தனிப் புகாராகப் போடுங்கள். ஒரே புகாரில் நாலு விஷயம் எழுதினால் முதல் விஷயத்தை மட்டும் பார்த்து மூடிவிடுவது நடக்கும்.

ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோர், தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம்.

என் பெயர் வெளியே தெரிந்துவிடுமா?

டெக்சஸில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கப் பெரும்பாலான சிட்டிகள் அனுமதிக்கின்றன. பெயர் கொடுத்திருந்தாலும், தகவல் கொடுத்தவர் அடையாளத்தைக் காக்கும் சலுகை ஒன்று இங்கே சட்ட நடைமுறையில் இருக்கிறது. தண்டனைக்குரிய மீறலை உரிய அதிகாரியிடம் சொன்னவரின் பெயரை, டெக்சஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் யாராவது கேட்டாலும் சிட்டி மறைத்து வைக்கக் கோரலாம். அதற்கு மாநில அட்டர்னி ஜெனரலிடம் 10 வேலை நாளுக்குள் சிட்டி கேட்டாக வேண்டும். எதிராளிக்கு உங்கள் பெயர் ஏற்கெனவே தெரிந்திருந்தால் இந்தச் சலுகை நிற்காது. ஆகவே புகார் கொடுத்ததை வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டு ரகசியத்தை எதிர்பார்க்க முடியாது.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. ஃப்ளோரிடாவில் 2021 ஜூலை 1 முதல் பெயரும் முகவரியும் கொடுத்தால்தான் கோட் ஆபீசர் விசாரணையைத் தொடங்க முடியும். உடனடி ஆபத்து என்று அவர் நம்பக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு.

பெயர் இல்லாத புகாரில் ஒரு குறை உண்டு. ஆபீசருக்குச் சந்தேகம் வந்தால் உங்களிடம் கேட்க வழியில்லை. பேக்யார்டு சம்பந்தப்பட்ட புகாருக்கு உங்கள் தொலைபேசி எண் கண்டிப்பாக வேண்டும். ஏன் என்று கீழே வருகிறது.

புகார் போன பிறகு என்ன நடக்கும்? எத்தனை நாளாகும்?

ஆபீசர் வந்து பார்ப்பார். மீறல் இருந்தால் உரிமையாளருக்கு நோட்டீஸ். டெக்சஸ் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 342ஆம் அத்தியாயப்படி, நோட்டீஸ் கொடுத்து 7 நாளுக்குள் உரிமையாளர் சரிசெய்யவில்லை என்றால் சிட்டியே வேலையைச் செய்து செலவை அவர் தலையில் வைக்கலாம். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் செய்தித்தாளில் அறிவிப்புப் போடலாம், முன்கதவில் ஒட்டலாம், மனையில் ஒரு குச்சியை நட்டு அட்டையில் ஒட்டிவைக்கலாம். காலி மனையில் குச்சியோடு ஒரு தாள் ஆடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

7 நாள் என்றதும் எட்டாம் நாள் மோவர் வரும் என்று நினைக்கக் கூடாது. முதல் பார்வைக்குச் சில நாள், தபாலுக்குச் சில நாள், அவகாசம் 7 நாள், மறுபார்வை, பிறகு கான்ட்ராக்டர் வரிசை. மே, ஜூன் மாதங்களில் ஊர் முழுக்கப் புகார் குவியும். ஒரு மாதம் ஆகும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸைப் பார்த்ததும் உரிமையாளரே வெட்டிவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும்.

சிட்டி வெட்டினால் கூலியோடு நிர்வாகக் கட்டணமும் சேரும். கட்டாவிட்டால் கவுண்டி கிளர்க்கிடம் பதிவு செய்து சொத்தின் மேல் லியன் ஏற்றுவார்கள். நம் ஊரில் வில்லங்கம் என்கிறோமே, அதுதான். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி ஓடும். வரி பாக்கி, தெரு மேம்பாட்டுக் கட்டணம் இரண்டையும் தவிர மற்ற எல்லாக் கடன் பாத்தியதைக்கும் முன்னால் இது நிற்கும். வீட்டை விற்கும்போது, சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி இதைத் தோண்டி எடுத்துவிடும். இது தவிர முனிசிபல் கோர்ட்டில் அபராதமும் விழலாம். பொதுச் சுகாதார விதி மீறலுக்கு டெக்சஸ் சட்டம் 2,000 டாலர் வரை இடம் தருகிறது.

ஒவ்வொரு மாதமும் அதே மனை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. முதல் நோட்டீஸிலேயே 'ஓராண்டுக்குள் இதே மாதிரி மீறல் மறுபடி நடந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் வெட்டுவோம்' என்று சொல்லிவைக்கச் சட்டம் சிட்டியை அனுமதிக்கிறது. இதனால்தான் பழைய புகார் எண்களைச் சேர்த்துவைக்கச் சொல்கிறோம். இரண்டாம் புகாரில் 'ஏப்ரலில் இந்த எண்ணில் நோட்டீஸ் கொடுக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதினால், 7 நாள் அவகாசமே இல்லாமல் வேலை நடக்க வாய்ப்பு உண்டு.

புல் ஆளைவிட உயரமாக இருக்கிறது. அவசரமாக வெட்டமாட்டார்களா?

48 அங்குலத்துக்கு மேல் வளர்ந்து, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்தாக இருந்தால் முன்னறிவிப்பு இல்லாமலே சிட்டி வெட்டலாம். வெட்டியபின் 10 நாளுக்குள் உரிமையாளருக்குத் தெரிவித்தால் போதும். இரண்டு நிபந்தனையும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அதனால் உயரத்தோடு ஆபத்தையும் எழுதுங்கள்: ஆகஸ்டில் காய்ந்த ஜான்சன் புல் மர வேலியில் சாய்ந்து நிற்கிறது, பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தை மறைக்கிறது என்று.

தெருமுனையில் ஸ்டாப் பலகையையோ வரும் காரையோ மறைத்தால் அதைப் போக்குவரத்துப் புகாராகத் தனியே போடுங்கள். அது வேறு துறைக்குப் போகும்.

செயலியில் 'குளோஸ்டு' என்று காட்டுகிறது. புல் அப்படியே இருக்கிறது. ஏன்?

அந்தச் சொல்லுக்குப் பல அர்த்தம் உண்டு. மீறல் இல்லை என்று மூடியிருக்கலாம். நோட்டீஸ் அனுப்பியதும் முதல் புகாரை மூடி, அதிகாரிகளின் கோப்பில் வேறு எண்ணில் தொடர்ந்துகொண்டிருக்கலாம். வேறு துறைக்கு மாற்றியிருக்கலாம். ஏற்கெனவே வேறொருவர் கொடுத்த புகாரோடு சேர்த்திருக்கலாம். 311க்குக் கூப்பிட்டு 'என்ன முடிவோடு மூடினீர்கள், ஆபீசர் எந்தத் தேதியில் பார்த்தார், வழக்கு எண் என்ன' என்று மூன்றையும் கேளுங்கள்.

தவறாக மூடியிருந்தால், தேதி தெரியும் புதிய படத்தோடு மறுபதிவு செய்யுங்கள். தினமும் புகார் போட்டால் எல்லாம் ஒன்றாகச் சேர்க்கப்படும், பயனில்லை. இரண்டாவது முறையும் நகராவிட்டால் அந்தப் பகுதிக் கோட் சூப்பர்வைசரைக் கேளுங்கள். அதன்பின் உங்கள் கவுன்சில் உறுப்பினர் அலுவலகம். எண்கள், தேதிகள், படங்களோடு பத்து வரி மின்னஞ்சல் போதும். இந்தக் கடைசிப் படிக்குப் போகப் பலரும் கூச்சப்படுகிறார்கள். அந்த அலுவலகம் இருப்பதே இதற்காகத்தான், நீங்கள் குடிமகனா கிரீன் கார்டா விசாவா என்று அங்கே யாரும் கேட்கத் தேவையில்லை.

பேக்யார்டில்தான் காடு. வெளியிலிருந்து தெரியாது. என்ன செய்வது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் காமாரா வழக்கில் தெளிவாகச் சொன்னது: குடியிருப்பவர் சம்மதமோ வாரண்டோ இல்லாமல் விதி ஆய்வுக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. அதனால் ஆபீசர் வேலி தாண்டிப் போய்ப் பார்க்கமாட்டார். தெருவிலிருந்து தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போவார்.

இங்கேதான் உங்கள் தொலைபேசி எண் கைகொடுக்கும். 'என் பேக்யார்டிலிருந்து பார்த்தால் தெரியும், வந்து பார்க்க அனுமதிக்கிறேன்' என்று புகாரிலேயே எழுதுங்கள். உங்கள் மனையில் நின்று அவர் பார்ப்பதை யாரும் குறைசொல்ல முடியாது. மாடி ஜன்னலிலிருந்து தெரிந்தாலும் சரி.

எதெல்லாம் விதிவிலக்கு?

விவசாய நிலம் முதலாவது. குடியிருப்புக்கு நடுவே வைக்கோலுக்காகப் புல் வளர்க்கும் நிலங்கள் டெக்சஸில் சகஜம். 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள மாநிலச் சட்டப்படி, விவசாயம் நடக்கும் நிலத்தில் சிட்டி உயர வரம்பு வைத்தால் அது 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதுவும் எல்லையிலிருந்து 10 அடிக்குள் மட்டும், அந்த எல்லை பொதுச் சைட்வாக், ரோடு அல்லது ஆள் வசிக்கும் அடுத்தவர் கட்டடம் உள்ள மனையை ஒட்டியிருந்தால் மட்டும். உங்கள் வேலிக்குப் பின்னால் ஏக்கர் கணக்கில் புல் நின்றால், வேலியோரப் பட்டையை மட்டுமே கேட்க முடியும்.

காட்டுப்பூக்களுக்குப் பல சிட்டிகள் பருவ விலக்கு தருகின்றன. வசந்தத்தில் புளூபானெட் பூத்து விதை முற்றும் வரை வெட்டமாட்டார்கள். வேண்டுமென்றே நட்டு வளர்க்கும் நாட்டுச் செடித் தோட்டமும் களை ஆகாது. சான் அன்டோனியோ 2015இல் மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்காக உறுதிமொழி எடுத்த ஊர். அந்த வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் எருக்கின் இனத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடியை மட்டுமே தின்னும். பாத்தி கட்டி, ஓரம் வெட்டி, நடுவில் உயரமாகச் செடி நின்றால் அது தோட்டம். அதைப் பற்றிப் புகார் கொடுப்பது உங்கள் நேரத்துக்கும் அந்த வண்ணத்துப்பூச்சிக்கும் கேடு. நீங்களே இப்படி வளர்ப்பவர் என்றால், ஓரத்தில் ஓரடி அகலம் வெட்டி வைத்து, என்ன செடி என்று சிறு பலகை நடுங்கள். பெரும்பாலான புகார்கள் அதோடு நின்றுவிடும்.

ஆலி, ரோட்டோரம், ஓடைக்கரை யாருடைய பொறுப்பு?

சைட்வாக்குக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள பட்டை, பின் ஆலியின் ஓரம் ஆகியவற்றை ஒட்டியுள்ள மனைக்காரரே வெட்ட வேண்டும் என்பது பெரும்பாலான சிட்டிகளின் விதி. உங்கள் பங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதே நாளில் ஆபீசர் உங்கள் ஆலியையும் பார்ப்பார். மாநில நெடுஞ்சாலை ஓரம் டெக்ஸ்டாட் என்ற மாநிலப் போக்குவரத்துத் துறையுடையது. பூக்காலத்தில் அவர்கள் வேண்டுமென்றே தள்ளி வெட்டுவார்கள். ஓடை, வடிகால் என்றால் சிட்டியின் வடிகால் பிரிவு.

நானே போய் வெட்டிவிட்டால்?

அனுமதி இல்லாமல் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு போனாலும் அத்துமீறல்தான். மறைந்திருக்கும் ஸ்பிரிங்க்ளர் தலையை மோவர் உடைத்தால் பணம் நீங்கள் கொடுக்க வேண்டும். களைக்கொல்லியை வேலி மேலாக அடிப்பது இன்னும் மோசம், காற்றில் போய் அடுத்தவர் மரத்தைக் கருக்கிவிடும். உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு வருவதை எல்லைக்கோடு வரை நீங்கள் வெட்டலாம். வெறும் கையால் இழுக்காதீர்கள். மூன்று மூன்று இலையாக வேலியில் ஏறும் பாய்சன் ஐவி பட்டால் வாரக்கணக்கில் தோல் எரியும்.

பாம்பு, கொசு பயம் இருக்கிறது.

உயரப் புல்லில் எலி சேரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். டெக்சஸில் காப்பர்ஹெட் விஷமுள்ளது. ஆனால் பாம்பைப் பார்த்தேன் என்பதற்காக உயர வரம்பு மாறாது. கொசு விஷயம் வேறு. வெஸ்ட் நைல் காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு தேங்கிய அழுக்குத் தண்ணீரில்தான் முட்டையிடும், புல்லில் பகலில் ஒதுங்கும். 2012இல் டாலஸ் கவுண்டியில் அந்நோய் கடுமையாகப் பரவி, விமானத்தில் மருந்து தெளித்தார்கள். எனவே பூட்டிய வீட்டில் பச்சைக் குளமோ தண்ணீர் நிறைந்த டயரோ கண்டால் புல்லுக்கு முன் அதைப் பதியுங்கள்.

நாங்கள் கோடையில் இரண்டு மாதம் இந்தியா போகிறோம். எங்கள் மேல் புகார் வந்தால்?

வரும், அந்த இரண்டு மாதம்தான் பெர்முடா மிக வேகமாக வளரும் காலம். நோட்டீஸ் தபாலில் வரும். தபால் நிலையத்தில் கடிதங்களை நிறுத்திவைக்கும் வசதி அதிகபட்சம் 30 நாள். பதிவுத் தபாலை யாரும் வாங்காமல் திரும்பினாலும் அது சேர்ந்ததாகவே டெக்சஸ் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'ஊரில் இல்லை' என்பது பதில் ஆகாது. ஃப்ளோரிடாவின் டனீடனில் 2018இல் தாயின் சொத்து விவகாரமாக வெளியூரில் இருந்த ஒருவருக்கு, 10 அங்குலத்தைத் தாண்டிய புல்லுக்காக நாளொன்றுக்கு 500 டாலர் வீதம் ஏறக்குறைய 30,000 டாலர் அபராதம் ஏறி, வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகச் சிட்டி முயன்றது.

கிளம்பும்முன் புல் வெட்டுபவரிடம் வாரம் ஒருமுறை அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை என்று தேதிகளைப் பேசி, ஒவ்வொரு முறையும் முன்புறம், பேக்யார்டு, ஆலி மூன்றின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். பேக்யார்டு கேட் சாவியைக் கொடுக்க மறப்பது வழக்கமான தவறு. முன்னால் மட்டும் வெட்டிவிட்டுப் போய்விடுவார். தெருவில் ஒரு நண்பர் கதவைப் பார்க்கட்டும். நோட்டீஸ் ஒட்டியிருந்தால் அதிலுள்ள எண்ணுக்கு அங்கிருந்தே பேசி, வெட்டும் தேதியைச் சொல்லி, வெட்டியதும் படத்தை அனுப்புங்கள். மீறல் சரியாகிவிட்டால் வழக்கு பெரும்பாலும் அங்கேயே முடியும்.

வாடகைக்கு இருக்கிறோம். புல் வெட்டுவது ஓனர் வேலை, அவர் வெட்டவில்லை.

முதலில் லீஸ் தாளைப் படியுங்கள். தனி வீடுகளில் பெரும்பாலும் வாடகைக்காரர்தான் வெட்ட வேண்டும் என்று இருக்கும். அப்படி இருந்து புகார் கொடுத்தால் செலவு உங்களிடமே திரும்பும். ஓனர் பொறுப்பு என்று இருந்தால் அவருக்கு எழுத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் சிட்டிக்குப் போங்கள். கட்டட, குடியிருப்பு விதி மீறல் பற்றி அரசு அலுவலகத்தில் நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்த வாடகைக்காரரை, அதற்குப் பழிவாங்கும் விதமாக 6 மாதத்துக்குள் வெளியேற்றுவதையோ வாடகையை ஏற்றுவதையோ டெக்சஸ் சொத்துச் சட்டம் தடுக்கிறது. வாடகை பாக்கி இருந்தால் இந்தக் காப்பு நிற்காது. ஓனருக்கு எழுதிய மின்னஞ்சல், புகார் எண், வாடகை கட்டிய ரசீது மூன்றையும் ஒரே இடத்தில் வையுங்கள்.